படத்தின் அடியில் ஓடும் ஆங்கிலம்

பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டினால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. தமிழுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள், மாண்டரினுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் இங்கே பேசப்போவது ஸ்பானிஷைப் பற்றி. கிள்ளான் பள்ளத்தாக்கில், ஏழு முதல் பதினொரு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்புகளில் அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் நான். வெளியே நின்று கல்லெறிவதாக யாரும் நினைக்க வேண்டாம். உள்ளே இருந்துகொண்டுதான் கத்துகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் வழியாக ஸ்பானிஷ் கற்பிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கற்பிக்கலாம், நன்றாகவே கற்பிக்கலாம். நான் எதிர்ப்பது, இங்கே 'படம் வழி ஸ்பானிஷ்' என்ற பெயரில் நடந்துகொண்டிருக்கும் வேலையை. ஒன்றரை மணி நேர வகுப்பில் முதல் அரை மணி நேரம் வண்ண அட்டை. சிவப்பு, நீலம், நாய், பூனை. பிறகு விளக்கை அணைத்துவிட்டு டிஸ்னி படம் ஒன்று. ஒலி ஸ்பானிஷில் இருக்கும். அடியில் ஆங்கிலச் சப்டைட்டில் ஓடும். ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை நிரப்புவார். முடிந்ததும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே ஓடுவார்கள். வாசலில் நிற்கும் அம்மா, "பசங்க ரொம்ப ஹேப்பியா இருக்காங்க டீச்சர், அதுவே போதும்லா" என்பார்.

போதாது அக்கா. நீங்கள் கட்டிய பணம் பிள்ளை சந்தோஷமாக இருப்பதற்கு என்றால், அந்தப் பணத்தில் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம். மொழிக்கு என்றால், அந்த முக்கால் மணி நேரத்தில் உங்கள் பிள்ளை செய்தது ஆங்கில வாசிப்புப் பயிற்சி.

எப்படி என்று சொல்கிறேன்.

படத்தில் ஒரு பாட்டி, 'மேசா' என்கிறாள். மேசையைத்தான் சொல்கிறாள். நம் தமிழ் 'மேசை'யும் மலாய் 'மெஜா'வும் 1511இல் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துக்கீசியர்கள் ஆசியக் கரைகளில் விட்டுப்போன 'மேசா'விலிருந்து வந்தவைதான். போர்த்துக்கீசியமும் ஸ்பானிஷும் பக்கத்து வீட்டு மொழிகள். ஆக, நம் பிள்ளையின் காதில் அந்தச் சொல் விழுந்த கணத்தில் அது அவனுக்கு அந்நியச் சொல்லே இல்லை. வீட்டில் அம்மா சொல்லும் சொல்; பள்ளியில் சிக்கு சொல்லும் சொல். கேட்டிருந்தால் கண் விரிந்திருக்கும். ஆனால் அவன் கேட்கவில்லை. அவன் கண் அடிவரியில் இருந்தது. அங்கே 'டேபிள்' என்று எழுதியிருந்தது.

இந்த ஒரு சொல்லில் என் முழு வழக்கும் இருக்கிறது.

மேசையோடு நிற்கவில்லை. நம் ஊரில் சப்பாத்து என்கிறோமே, மலாய்க்காரர்கள் 'செப்பாத்து' என்கிறார்களே, ஸ்பானிஷில் அது 'சப்பாத்தோ'. அலமாரி 'அர்மாரியோ'. துவாலை 'தோவாயா'. பள்ளிக்கூடத்துச் 'செக்கோலா' அங்கே 'எஸ்குவேலா'. சபைகூடலில் நாம் பாட்டுப்பாடி ஏற்றும் 'பெண்டேரா' அங்கே 'பந்தேரா'. மலாயில் ஞாயிற்றுக்கிழமைக்கு 'மிங்கு' என்கிறோம். அதன் மூலமான 'தொமிங்கோ' ஸ்பானிஷில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். எல்லாச் சொல்லும் இப்படி வாய்க்காது. ஜன்னலும் போர்த்துக்கீசியம் தந்ததுதான், ஆனால் ஸ்பானிஷ்காரன் ஜன்னலை 'வெந்தானா' என்பான். பரவாயில்லை. பத்துச் சொற்கள் போதும், ஒரு பிள்ளைக்கு இந்த மொழி தன் வீட்டுக்கும் வந்துபோன மொழி என்று தெரிய.

சொற்களாவது அட்டையில் வந்துவிடும். வாக்கியத்தில்தான் உண்மையான இழப்பு நடக்கிறது.

ஸ்பானிஷ் கற்கும் ஆங்கிலப் பிள்ளைகள் இடறி விழும் முதல் குழி, 'பிடிக்கும்' என்று சொல்வது. ஆங்கிலத்தில் 'நான்' என்பது எழுவாய். எனவே பிள்ளை 'யோ குஸ்தோ' என்று உடைத்துப் பேசும். ஸ்பானிஷில் அப்படிச் சொல்லமாட்டார்கள்; 'மே குஸ்தா' என்பார்கள். எனக்குப் பிடிக்கும். இங்கே 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறது, தமிழில் நிற்பது போலவே. 'ஆனாவுக்குக் கடல் பிடிக்கும்' என்பதில் கடல்தான் எழுவாய், ஸ்பானிஷிலும் கடல்தான் எழுவாய். 'எனக்குத் தலை வலிக்குது' என்பதை 'மே துவேலே லா கபேசா' என்று அப்படியே வைக்கலாம். ஆங்கிலம் வழியே வரும் பிள்ளைக்கு இது மாதக்கணக்கில் பயிற்சி செய்யவேண்டிய விதிவிலக்கு. தமிழ் வழியே வரும் பிள்ளைக்கு இது பழக்கம். என் வகுப்பில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் ஒன்பது வயதுப் பையன் ஒருவனிடம், "'எனக்குப் பிடிக்கல'ங்கிறத எப்படிடா சொல்லுவ?" என்றால், 'நோ மே குஸ்தா' என்று பட்டென்று வருகிறது. அவனிடம் நான் இலக்கணமே பேசியதில்லை.

வினைச்சொல்லையும் பாருங்கள். பாடுகிறேன், பாடுகிறாய், பாடுகிறோம். 'நான்' என்று சொல்லாமலே யார் பாடுகிறார் என்று விகுதி சொல்லிவிடுகிறது. ஸ்பானிஷிலும் 'கன்தோ', 'கன்தாஸ்', 'கன்தாமோஸ்'. எழுவாயைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. அடியில் ஓடும் ஆங்கிலமோ ஒவ்வொரு வரியிலும் 'நான்', 'நீ', 'நாங்கள்' என்று எழுதியே ஆகவேண்டும். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒலியில் அந்த 'நான்' எங்கே என்று தேடுகிறது. இல்லாததைத் தேடுவதால் அது இருக்கும் விகுதியைத் தவறவிடுகிறது.

பிறகு, நீயும் நீங்களும். ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். ஒரு பையன் கடைக்காரரிடம் எப்படிப் பேசுகிறான், நண்பனிடம் எப்படிப் பேசுகிறான் என்பதைப் படம் அழகாகக் காட்டும். எந்தப் பாடநூலும் அப்படிக் காட்டாது. படம் காட்டிக் கற்பிப்பதற்கான மிகச் சிறந்த காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'யூ'. மரியாதை, நெருக்கம், கோபத்தில் நெருக்கத்தை விலக்கிக்கொள்வது எல்லாமே அந்த 'யூ'வில் மொட்டையாகிவிடும். தாத்தாவை 'நீ' என்று சொன்னால் வாயில் அடி விழும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, இதைப் புரியவைக்க அரை நிமிடம் போதும். சப்டைட்டில் அந்த அரை நிமிடத்தையும் பறித்துக்கொள்கிறது.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானிஷில் 'ன' எழுத்தின் மேல் ஒரு அலைக்கோடு போட்டால் அது நம்முடைய 'ஞ'. 'மஞானா' என்றால் நாளை. ஞாயிறு சொல்லத் தெரிந்த வாய்க்கு, 'ஞாஞி' என்று மலாயில் பாடத் தெரிந்த வாய்க்கு, இது ஒரு பயிற்சியா? ஆனாலும் நம் பிள்ளைகள் 'மன்யானா' என்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் அதை ஆங்கிலத்தில் படித்தார்கள்.

"இதெல்லாம் உங்க கற்பன டீச்சர், சப்டைட்டில் இருந்தா புரியும், புரிஞ்சா கத்துக்கும்" என்று ஒரு நிலையத்தின் பொறுப்பாளர் என்னிடம் வாதாடினார். அவருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 2009இல் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்ற இருவர் நெதர்லாந்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆங்கிலம் தெரிந்த டச்சுக்காரர்களுக்கு, பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு டச்சில் சப்டைட்டில், சிலருக்கு ஆங்கிலத்திலேயே சப்டைட்டில், சிலருக்கு எதுவுமில்லை. பிறகு அந்தப் பேச்சைக் காதால் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். கேட்கும் மொழியிலேயே எழுத்தைப் பார்த்தவர்களின் காது கூர்மையானது. தாய்மொழியில் எழுத்தைப் பார்த்தவர்களுக்குப் புதிய வாக்கியங்களைக் கேட்பதில் அது இடைஞ்சலாகவே இருந்தது. கதை புரிவது வேறு, காது பழகுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அவர்கள் வளர்ந்தவர்கள், ஏற்கெனவே அந்த மொழி தெரிந்தவர்கள். நம்முடையவர்களோ ஏழு வயதுப் பிள்ளைகள். ஒரு வார்த்தை தெரியாதவர்கள். காது மட்டுமே அவர்களிடம் இருக்கும் கருவி.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் பிள்ளைகள் டப்பிங் இல்லாமல் சப்டைட்டிலோடுதான் ஆங்கில நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்கிறார்கள், அவர்களுடைய ஆங்கிலம் நன்றாகத்தானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் டச்சும் ஸ்வீடிஷும் ஆங்கிலத்தின் அண்ணன் தம்பி முறை. அந்தப் பிள்ளைகள் வாரத்துக்கு முக்கால் மணி நேரம் பார்க்கவில்லை. ஆண்டுக்கணக்கில் தினமும் பார்க்கிறார்கள். கடையில், பாட்டில், விளையாட்டில் என்று ஆங்கிலம் அவர்களைச் சுற்றி இருக்கிறது. முக்கியமாக, அவர்களுடைய அடிவரி அவர்கள் வீட்டுமொழியில் இருக்கிறது. நம் பிள்ளைக்கு மூன்றாம் மொழியைக் கற்றுக்கொடுக்க, வீட்டுமொழியை வெளியே நிறுத்திவிட்டு, இரண்டாம் மொழியில் விளக்கம் எழுதி ஓட்டுகிறோம். இந்த இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

படம் மட்டுமே போதும் என்பவர்களுக்கு இன்னொரு சான்று. 2003இல் பட்ரிஷியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும், ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்களை 12 முறை விளையாட வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் ஆங்கில வீட்டுக் குழந்தைகள். மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிய அவர்களால் முடிந்தது. அதே மனிதர்கள், அதே பேச்சு, திரையில் காட்டியபோது ஒன்றும் ஒட்டவில்லை. கைக்குழந்தைக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் வேறுபாடு உண்டுதான். ஆனாலும் ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பதிவேடு எழுதும் வகுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வுதான் ஞாபகம் வரும். பேசுவதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும். திரைக்கு நம் பிள்ளை பதில் சொன்னாலும் காதில் விழாது.

சரி, எந்தப் படத்தைத்தான் காட்டுகிறோம்?

நம் நிலையங்களில் ஓடுவது பெரும்பாலும் அமெரிக்கப் படத்தின் ஸ்பானிஷ் டப்பிங். வசனம் ஆங்கில உதட்டசைவுக்கும் ஆங்கில வரியின் நீளத்துக்கும் ஏற்ப வெட்டி ஒட்டப்பட்டது. அதாவது அடியில் மட்டுமில்லை, ஒலிக்குள்ளும் ஆங்கிலம் ஒளிந்திருக்கிறது. 'எந்த ஸ்பானிஷ்?' என்று கேட்பாரும் இல்லை. 1991இல் வந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' காலத்திலிருந்து டிஸ்னி ஸ்பெயினுக்கு ஒன்று, லத்தீன் அமெரிக்காவுக்கு ஒன்று என்று இரண்டு டப்பிங் செய்கிறது. ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று என்று கையில் கிடைத்ததைப் போட்டால், காரைக் குறிக்கும் சொல் முதற்கொண்டு மாறும். ஆசிரியருக்கே தெரியாமல் பிள்ளை குழம்பும்.

இன்னொரு வேடிக்கை. 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய 'டோரா' தொடரை ஸ்பானிஷ் கற்றுத்தரும் தொடர் என்று பெற்றோர் பரிந்துரைக்கிறார்கள். ஆங்கிலப் பதிப்பில் டோரா நடுநடுவே ஸ்பானிஷ் சொல்லித் தருவாள், உண்மைதான். அதையே ஸ்பானிஷ் டப்பிங்கில் பாருங்கள்: டோரா ஸ்பானிஷ் பேசிக்கொண்டு நடுநடுவே ஆங்கிலம் சொல்லித் தருவாள். எங்கே போனாலும் ஆங்கிலத்துக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதைவிட வேதனையானது போகோயோ. நீலச் சட்டை, நீலத் தொப்பி, வெள்ளைப் பின்னணி. நம் வீடுகளில் இதைப் பார்க்காத பிள்ளை குறைவு. 2005இல் வந்த இந்தத் தொடர் ஸ்பெயினில் தயாரானது என்று என் வகுப்பில் சேரும் எந்தப் பெற்றோருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் பார்த்தது ஆங்கிலப் பதிப்பு. அதில் ஒரு வாத்து வருமே, அதன் பெயர் பாத்தோ. 'பாத்தோ' என்றால் ஸ்பானிஷில் வாத்து. அவ்வளவுதான் அந்தப் பெயரின் இரகசியம். பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள், சொல்லியிருக்கிறார்கள், அது ஒரு சொல் என்றே தெரியாமல். படம் பார்த்தால் மொழி தானாக வந்துவிடும் என்பவர்கள் அந்த வாத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

அதே போகோயோவை ஸ்பானிஷில் போடுங்கள். ஏழு நிமிடம் போதும். கதைசொல்லி ஒருவர் மெதுவாக, தெளிவாக, போகோயோவையும் பார்க்கும் பிள்ளையையும் நேரடியாகக் கேள்வி கேட்பார். வெள்ளைப் பின்னணியில் ஒரு பொருள் மட்டும் இருக்கும். எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதில் சந்தேகமே வராது. அதற்கு எதற்குச் சப்டைட்டில்?

எட்டு ஒன்பது வயதினருக்கு 'குவெர்தாஸ்' இருக்கிறது. 'கயிறுகள்' என்று பொருள். பெத்ரோ சோலிஸ் கார்சியா 2013இல் எடுத்த அனிமேஷன் குறும்படம். ஸ்பெயினின் கோயா விருது பெற்றது. பத்து நிமிடம் சொச்சம்தான் ஓடும். ஓர் அனாதை இல்லத்துப் பள்ளிக்குச் சக்கர நாற்காலியில் ஒரு பையன் வருகிறான். அவனால் அசையவும் முடியாது, பேசவும் முடியாது. மரியா என்ற சிறுமி மட்டும் அவனோடு விளையாடுகிறாள். கயிறுகளைக் கட்டி அவன் கைகால்களை அசைக்கிறாள். படம் முழுக்க அவள்தான் பேசுகிறாள், அதுவும் பிள்ளைகளின் எளிய ஸ்பானிஷில். அவன் பதிலே சொல்வதில்லை. ஒரு மொழி ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவனுடைய பதில்களை வகுப்பு சொல்லட்டும். "அவ கயிறு கட்றப்ப அவன் என்னா சொல்லியிருப்பான்?" என்று கேட்டால் முதலில் தமிழில் வரும், மலாயில் வரும். "வலிக்குது." "இன்னொரு தடவ." "எனக்குப் பிடிச்சிருக்கு." அவற்றை ஸ்பானிஷில் வைக்கச் சொல்லித்தருவதுதான் பாடம். 'மே குஸ்தா' என்ற இரண்டு சொல்லை அசைய முடியாத ஒரு பையனுக்காகச் சொல்லிப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

பத்து, பதினொரு வயதினருக்கு இன்னும் துணிந்து போகலாம். விக்தோர் எரிசேயின் 'தேன்கூட்டின் ஆவி' 1973இல் வந்தது. 1940ஐ ஒட்டிய காலத்தில், உள்நாட்டுப் போர் முடிந்திருந்த ஒரு காஸ்தீல் கிராமத்தில் நடப்பது. முழுப் படத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லவில்லை. ஊருக்குப் படம் வருகிறது. ஜனங்கள் வீட்டிலிருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஸ்பானிஷில் டப் செய்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஓடுகிறது. ஆறு வயது ஆனா, அந்தப் பூதம் ஏன் சிறுமியைக் கொன்றது, பிறகு அதை ஏன் கொன்றார்கள் என்று அக்காவிடம் கேட்கிறாள். இரவு படுக்கையில் மறுபடி கேட்கிறாள். சினிமாவில் வருவதெல்லாம் பொய் என்று அக்கா குசுகுசுக்கிறாள். அந்தப் படுக்கையறைக் காட்சி சில நிமிடம்தான். இரண்டு பிள்ளைகள் மெல்லிய குரலில், சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுகிறார்கள். 'ஏன்?' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது.

பிள்ளைகள் படத்திலிருந்து எப்படிக் கற்கிறார்கள் என்பதை எந்தக் கல்வியியல் நூலையும்விட எனக்குச் சொன்னது அந்தக் காட்சிதான். படம் ஓடும்போது ஆனா கற்கவில்லை. அது முடிந்த பிறகு, பக்கத்தில் ஒருத்தியை எழுப்பிக் கேட்டபோதுதான் கற்றாள். நம் நிலையங்களில் படம் முடிந்ததும் வகுப்பும் முடிந்துவிடுகிறது. பாடம் தொடங்கவேண்டிய இடத்தில் நாம் பிள்ளைகளைக் காரில் ஏற்றுகிறோம்.

அப்படியானால் எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஒரு வகுப்புக்கு மூன்று நிமிடக் காட்சி. முதலில் ஒலி இல்லாமல் காட்டுங்கள். என்ன நடக்கிறது, யார் என்ன சொல்லியிருப்பார் என்று பிள்ளைகள் எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லட்டும். அடுத்து திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் போடுங்கள். தெரிந்த மாதிரி எது காதில் விழுந்தது என்று கேளுங்கள். 'மேசா' விழும். 'சப்பாத்தோ' விழும். மூன்றாவது முறை இரண்டும் சேர்த்து. நான்காவது முறை வேண்டுமானால் எழுத்தைப் போடுங்கள், ஸ்பானிஷ் எழுத்தை. ஸ்பானிஷில் எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கலாம். தமிழ் வாசிக்கும் பிள்ளைக்கு அது பெரிய பாடு இல்லை. கடைசியாக ஒலியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளே டப்பிங் பேசட்டும். ஒருத்தி பாட்டி, ஒருவன் கடைக்காரர். தப்பாகப் பேசட்டும், சிரிக்கட்டும். ஒன்றரை மணி நேரம் போதாமல் போகும்.

இந்த முறையில் எதுவுமே புதிதில்லை. செலவும் கிடையாது. ஆனால் இதற்கு ஆசிரியர் எழுந்து நிற்க வேண்டும். காட்சியை முந்தின இரவே பத்து முறை பார்த்திருக்க வேண்டும். முழுப்படம் போட்டால் அந்த வேலை மிச்சம். 'படம் வழிக் கல்வி' இங்கே இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் கல்வியியல் காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பில் தமிழ் பேசியதற்காக ஒரு நிலையத்தில் என்னை எச்சரித்தார்கள். அங்கே வருபவர்களில் சீனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பொதுமொழி ஆங்கிலம் என்றார்கள். சீனப் பிள்ளைக்கும் மலாய் தெரியும்; 'மெஜா'வும் 'செக்கோலா'வும் 'பெண்டேரா'வும் இந்த நாட்டில் பள்ளிக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொற்கள். ஞகரத்தை மலாயில் எல்லாருமே சொல்கிறார்கள். பொதுமொழி தேடினால் அது ஏற்கெனவே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. உண்மைக் காரணம் வேறு. அதை ஒரு தமிழ் அப்பாதான் ஒளிக்காமல் சொன்னார்: "டீச்சர், தமிழ் வீட்லயே பேசிக்கிறோம். இங்க ஏன் அதெல்லாம்? ஒரு கிளாஸ் இருக்க வேணாமா?" வீட்டில் பேசுகிறார்களா என்று அவர் மகளிடம் கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்பானிஷ் ஏறத்தாழ 20 நாடுகளின் ஆட்சிமொழி, கற்கவேண்டிய மொழி, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் நம்மவர்களில் பலர் அதைப் பிள்ளைக்கு ஒரு மொழியாக வாங்கித் தருவதில்லை, ஒரு கைப்பையைப் போல வாங்கித் தருகிறார்கள். கைப்பையோடு வீட்டுத் துணிப்பை போகக்கூடாது அல்லவா? அதனால் தமிழை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். விளைவு என்ன? நான்காம் வேற்றுமையைக் கையில் வைத்திருந்த பிள்ளை அதைத் தொலைத்துவிட்டு 'யோ குஸ்தோ' என்கிறது. நீ, நீங்கள் தெரிந்த பிள்ளை 'யூ' என்று வாசிக்கிறது. தன்னிடம் இருந்ததையும் மதிக்கக் கற்கவில்லை, புதியதையும் பெறவில்லை. தமிழ் இந்தப் பிள்ளைக்கு எதற்கு உதவும் என்று நம்மைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு, 'ஸ்பானிஷ் கற்க உதவும்' என்று ஒரு பதிலை நான் இப்போது வைத்திருக்கிறேன். அது தமிழ் கற்பதற்கான தலையாய காரணம் இல்லை. ஆனால் அவர்களுக்குப் புரியும் காசில் சொல்லப்பட்ட காரணம்.

பெற்றோர்களுக்கு ஒரு சிறு வேலை. அடுத்த சனிக்கிழமை பிள்ளையைக் காரில் ஏற்றியதும், 'இன்னிக்கு என்ன படம்?' என்று கேட்காதீர்கள். 'படத்துல யார் யார்கிட்ட என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டு' என்று கேளுங்கள். ஒரு வரி ஸ்பானிஷில் வந்தால் ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். கதை முழுவதும் ஆங்கிலத்தில் வந்தால், திரும்பிப் போய் உங்கள் பணத்தைக் கேளுங்கள்.